அப்பாவின் துவக்கு யாருக்கு

செவ்வாய், ஐப்பசி 9

அப்பா விட்டுப்போன துவக்குக்கு அனுமதிப்பத்திரம் என் பெயரில் இருக்கிறது. எனக்குப் பிறகு யாருக்கு என்று இன்று பேச்சு வந்தது. அப்பன் வழி வந்த முதுசம் ஆண்பிள்ளைக்குத்தான் என்றேன். மகள் சிரித்தாள்.

"ஓம் அப்பா, வயலுக்கை யானை வரேக்கை சுட்டுக் கலைக்கக் கனடாவில இருக்கிற அண்ணாவைக் கூப்பிடுவம்."

கோபத்தில் மகனுக்கே அழைத்தேன்.

"அந்தப் பழசு என்ன பெறும்? பொலிசில குடுத்துவிடுங்கோ" என்றான்.

காடு வெட்டிக் குடியேறிய காலத்தில், பட்டினி கிடந்தும் அப்பா விற்காத துவக்கு அது.

பின்னேரம் மகள் வழக்கம்போல அதற்கு எண்ணெய் பூசித் துடைத்தாள். அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

நாளைக்கு அவளை, அனுமதிப்பத்திரம் கொடுக்கும் வவுனியாக் கச்சேரிக்குக் கூட்டிப்போய், அதை அவள் பெயருக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்பேன். ஆனாலும் முதுசம் ஆண்பிள்ளைக்குத்தான், அதில் மாற்றமில்லை. யாரும் கேட்டால், இது மகளுக்குக் கொடுத்த சீதனம் என்பேன்.