மைனஸ் முப்பது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வெல்டிங் கை இயந்திரத்துக்கு நீ எழுதிய பழைய புரோகிராமைப் புதுக் கணினி மொழிக்கு மாற்றிவிட்டேன். இதுவரை வலப்பக்கம் மட்டும் சுற்றிய கை, இனி இடப்பக்கமும் சுற்றும். தசமம்தான் உயிரை வாங்கியது. 0.3-ஐ 0.1-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம்தானே? மீதி காணும் மாடுலோ 0.0999... என்கிறது. எல்லாவற்றையும் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிச் சமாளித்தேன்.

இங்கே ஒரு வெல்டர், எல்லோருக்கும் மாமா. "என்ன கணக்குப்பிள்ளை, உன் பொம்மை என்னை முட்டாதுல்ல?" என்று தினமும் சீண்டுவார். "நீங்க சுவிட்சை அழுத்தாம அது உங்க பக்கம் வராது மாமா" என்று சொல்லியிருக்கிறேன்.

பென் டிரைவ் ஒன்று இத்துடன் இருக்கிறது. ஒருமுறை பார்த்துச் சொல்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

கால் அப்படியேதான். இங்கே மூச்சுவிட நேரமில்லை. ஆறு வருஷம் பிசகாமல் ஓடிய புரோகிராம். வரிக்கு வரி அப்படியே மாற்றினால் போதும். பயப்படாதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

மாமா போய்விட்டார். தகடு வைக்கக் குனிந்திருந்தார். சுவிட்சை யாரும் தொடவில்லை. கை இடப்பக்கமாகத் திரும்பி வந்தது, நிற்கவில்லை. திரையில் கோணம் -30. "அவரே சுவிட்சை அழுத்திட்டு உள்ளே போயிட்டார்னு எழுதிக் கொடுப்பா" என்கிறார் மேலாளர்.

என் வரியா அக்கா?

தம்பி

ஏப்ரல் 9

தம்பி,

இரண்டு மொழியிலும் ஓட்டிப் பார்த்தேன். கோணம் 300-ஐத் தாண்டினால் ஆள் நிற்கும் பக்கம். அங்கே போகும் முன் கை சுவிட்சுக்காகக் காத்திருக்க வேண்டும். இடப்பக்கமாகச் சுற்றினால் -30 என்பதும் 330 என்பதும் ஒரே இடம்தான். -30-ஐ 360-ஆல் வகுத்தால் என் மொழி மீதி 330 என்கிறது. உன் மொழி மைனஸை விடாமல் -30 என்றே தருகிறது. அது 300-ஐவிடச் சிறியது. கை காத்திருக்கவில்லை.

வந்த மீதியோடு 360-ஐக் கூட்டி இன்னொரு முறை வகுத்திருந்தால் போதும். உன் பென் டிரைவை நான் செருகவே இல்லை. நேற்றுத்தான் இழுப்பறையிலிருந்து எடுத்தேன். பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

உண்மையைச் சொல்லிவிடு. நானும் வந்து நிற்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

மேலாளர் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாமாவின் மனைவி தொழிற்சாலை வாசலில் என்னை நிறுத்தினார். "அழுத்தாம அது வராதுன்னு நீ சொன்னியாமே தம்பி. வீட்டுல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு" என்றார். தலை குனிந்தபடி வந்துவிட்டேன்.

என் கடிதங்களைக் கிழித்துவிடு.

தம்பி

மே 3

அன்புத் தம்பிக்கு,

கிழிக்கவில்லை. உன் ஏப்ரல் 2 கடிதத்தையும் பென் டிரைவையும் விசாரணை அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். இனி நீ எனக்கு எழுதமாட்டாய்.

"அப்படியே மாற்றினால் போதும்" என்று நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கிறது. அதையும் அவரிடம் கொடுத்துவிடு.

அக்கா