குறிப்பிடத்தக்க நகர்வு இல்லை

6 அக்டோபர் 1987

என் அருமைக் கல்லு அக்காவுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம். அவரோடு பஸ் டெப்போவில் வேலை பார்க்கும் கண்டக்டர் கையில் வழக்கம்போல் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது, அவர்தான் நமக்குத் தபாலாபீஸ்.

உன் பல்கலைக்கழகம் நடத்திய 'ஆய்வாளரைக் கேளுங்கள்' கூட்டம் முடிந்து மூன்று நாளாகியும் தெருவில் அதே பேச்சுதான். வீடு வீடாய்ப் போய், "எங்க அக்கா வர்றா, வந்து கேளுங்க" என்று ஆள் பிடித்தவள் நான். போட்ட நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். சின்ன வயதில் கல் பொறுக்கி வந்து என் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்த பிசாசா மைக்கில் இப்படி வெளுத்து வாங்குகிறது என்று எனக்கு வாயெல்லாம் பல்.

முக்கியமான விஷயம், நாங்கள் வீடு மாறவில்லை. தெருவுக்குப் பின்னால் மேட்டில் விரிசல் கண்டதிலிருந்து நாங்கள் தூங்கிய தூக்கம் உனக்குத் தெரியும். டெப்போ பக்கம் வீடு பார்த்து, சாவியும் வாங்கியிருந்தோம். கூட்டத்தில் நீ "குறிப்பிடத்தக்க நகர்வு இல்லை" என்றதும், உன் மாப்பிள்ளை சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்து, "அப்ப வீட்டைக் காலி பண்ண வேண்டாம்தானே?" என்று கேட்டார். நீ தலையாட்டினாய். மறுநாளே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூட்டைகளைப் பிரித்து, தையல் மெஷினைப் பழையபடி பின்னறையில் போட்டாயிற்று.

அந்த அறைச் சுவர் வெடிப்பில் போன மாதம் என் நகம்தான் நுழைந்தது. இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. நீதான் சொல்லிவிட்டாயே, அதனால் மேலே ஒரு காலண்டரை மாட்டிவிட்டேன்.

உன் ஊசி


8 அக்டோபர்

ஊசி,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். சுண்டுவிரலா? நுனி மட்டுமா, முழுதுமா? முதலில் நீயும் குழந்தையும் அந்த அறையை விட்டு வெளியே வாருங்கள். மீதியை அப்புறம் படி.

நான் சொன்ன வார்த்தைக்குத் தெருவில் ஓர் அர்த்தம், எங்கள் துறையில் வேறு அர்த்தம். மேட்டில் நாங்கள் பதித்த கருவிகள் ஏழு. நாலு வேலையே செய்யவில்லை. மீதி மூன்றும் ஐந்து வாரம்தான் அளந்தன, அதுவும் ஒரு பொட்டு மழை இல்லாத ஐந்து வாரம். அதை வைத்து மேடு நகர்கிறதா இல்லையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அப்படி முடியாதபோது நாங்கள் எழுதுவதுதான் 'குறிப்பிடத்தக்க நகர்வு இல்லை'. நீங்கள் அதைப் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு கூட்டம் போட்டுத் திருத்திச் சொல்கிறேன் என்று துறைத் தலைவரிடம் போய் நின்றேன். நீங்களெல்லாம் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "நூத்தி இருபது பேர் 'மிக நன்று'ன்னு போட்டிருக்காங்கம்மா. இப்பப் போய்க் குழப்பாதீங்க, முழு அறிக்கை வரட்டும்" என்றார். என் வேலையை நீட்டிக்கும் தாள் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருப்பதையும் போகிற போக்கில் ஞாபகப்படுத்தினார்.

அடுத்த வாரம் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். போய்விடு ஊசி, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


10 அக்டோபர்

அக்காவுக்கு,

படித்ததும் உன்மேல் அப்படியொரு ஆத்திரம். குழந்தையையும் மெஷினையும் முன்னறைக்கு இழுத்து வந்துவிட்டேன். நீ கேட்டாயே, விரல் நுனி மட்டும் இல்லை, இரண்டாம் கணு வரை போகிறது.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? நீ தமிழில்தானே பேசினாய்? எதிர்வீட்டு நர்ஸம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா எங்க வயித்துல பாலை வார்த்தா" என்றார். அவர் முகத்தில் இனி நான் எப்படி விழிப்பேன்?

இவரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். "அத்தனை பேர் முன்னாடி மைக்ல சொன்னது பொய்யி, லெட்டர்ல உனக்கு மட்டும் சொன்னது நிஜமா? தங்கச்சி மேல பாசம், பயப்படுறாங்க. விடு" என்கிறார்.

எனக்கு மட்டும் எழுதுவது தெருவுக்குப் போதாது. உன் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் போட்டு, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தாள் எழுதி அனுப்பு. நான் படித்துக் காட்டுகிறேன். வேலை போய்விடும் என்று நினைத்தால் அனுப்பாதே. ஆனால் அப்புறம் எனக்குக் கடிதமும் எழுதாதே.

ஊசி


12 அக்டோபர்

என் ஊசிக்கு,

தாள் இத்தோடு இருக்கிறது. நாலே வரி. 'மேடு நகர்கிறதா என்று எங்களுக்குத் தெரியாது. மழையில் அளக்கவே இல்லை. அன்று நான் சொன்னது தவறான நம்பிக்கை கொடுத்தது. மழைக்கு முன் காலி செய்யுங்கள்.' தலைவரிடம் கேட்கவில்லை. வேலை போனால் போகட்டும் என்று தைரியமாக எழுத ஆசை. ஆனால் பயமாகத்தான் இருக்கிறது.

உன்னிடம் மறைத்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை எழுந்து கேட்டபோது அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது. வார்த்தையில் குழப்பம் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் இல்லை. முன் வரிசையில் தலைவர், சுற்றிலும் கைதட்டல், சின்னவள் வேறு அவர் தோளிலிருந்து "பெரீம்மா" என்று கையாட்டினாள். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கெடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. தெரிந்தே தலையாட்டினேன்.

நேரில் வந்து சொல்லலாம் என்று இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க பயம்.

உன் அக்கா


14 அக்டோபர்

அக்கா,

நேற்று தெரு மன்றத்தில் எல்லாரையும் கூட்டி உன் தாளைப் படித்தேன். உன்னைத் திட்டியதை எழுத மாட்டேன். என்னைத் திட்டியதையும் விடு. நர்ஸம்மா எழுந்து போய் மூட்டை கட்டினார், அவரைப் பார்த்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மேட்டை ஒட்டிய பதினெட்டு வீட்டில் பதினேழு காலி. நானும் சின்னவளும் டெப்போ ஓய்வறையில் இருக்கிறோம்.

மீதி ஒன்று எங்கள் வீடு. இவர் வரமாட்டேன் என்கிறார். நீ கடைசிக் கடிதத்தில் ஒத்துக்கொண்டதையும் படித்துக் காட்டினேன், அக்கா, மன்னித்துக்கொள், வேறு வழி தெரியவில்லை. "யாரோ மிரட்டி எழுதி வாங்கியிருக்காங்க. அவங்க என் கண்ணைப் பார்த்துல்ல தலையாட்டினாங்க, அது எப்படிப் பொய்யாகும்?" என்று வெடிப்பில் சிமென்ட் பூசிக்கொண்டிருக்கிறார். காலையில் பூசியது மத்தியானம் உதிர்ந்துவிட்டது. மறுபடி குழைக்கிறார்.

தூறல் ஆரம்பித்துவிட்டது.

நான் சொன்னால் அவர் கேட்கவில்லை, தாளையும் நம்பவில்லை. உன்னைத்தான் நம்புகிறார். இதற்குப் பதில் எழுதாதே. கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன், அங்கிருந்து அரை மணியில் பஸ் இங்கே திரும்பும், உனக்கு முன் ஸீட்டில் இடம் பிடித்து வைத்திருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு. வந்து அவர் எதிரில் நின்று, "எனக்குத் தெரியாது மாப்பிள்ளை" என்று உன் வாயால் சொல்.

நீ இறங்காமல் பஸ் மட்டும் வந்தால், அவரை இழுத்துவர நான் உள்ளே போவேன். சின்னவளை யாரிடம் விடுவது என்றுதான் தெரியவில்லை.

ஊசி