நாற்பத்தேழு அங்கத்தவர்கள்

12.10.1985, சனி. விசுவமடு

பள்ளிக்கூட மைதானத்தில் இன்று பதினாறு பேர். தொடங்கும்போது ராஜரத்தினமும் நானும் இன்னும் மூன்று ஆசிரியர்களும்தான். சந்தியில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் ராஜரத்தினம்தான் எங்கள் வானியல் கழகத்தின் தலைவர், நான் செயலாளர். தொலைநோக்கியும் அவர் கையால் செய்தது. வியாழனின் நான்கு சந்திரன்களும் துலக்கமாகத் தெரிந்தன. வால்வெள்ளி வரப்போகிறது என்ற கதைதான் ஆட்களை இழுக்கிறது.

ஏழரைக்கு ஆமியின் ஹெலிகொப்டர் சுற்றியது. லாம்பை அணைத்துவிட்டுக் குந்தியிருந்தோம். இருட்டில் வானம் இன்னும் நன்றாகத் தெரிந்தது. இப்படி நினைக்கக் கூடாது.

20.10.1985

மிளகாய்த் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர்களை நாங்கள் ஏன் இதுவரை கூப்பிடவில்லை? சைக்கிளில் போனேன். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்திலிருந்து வந்த செல்வராசாவும் மனைவி வீரம்மாவும் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்களுக்கெல்லாம் காட்டுவீங்களா டீச்சர்?"

"ஓம், வாங்கோ. உங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

16.11.1985

மழை விட்ட ஒரே நாள். நூற்றுக்கு மேல் சனம். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் பஞ்சுத் துணுக்குப்போல வால்வெள்ளி. வாலைக் காணவில்லை என்று பலருக்கு ஏமாற்றம். வீரம்மா மட்டும் மூன்று தரம் வரிசையில் வந்து பார்த்தாள்.

செல்வராசா பதினொரு பேரைக் கூட்டி வந்திருந்தார். பதிவேட்டில் இப்போது நாற்பத்தேழு பெயர்கள் - வயது, விலாசத்தோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

1.12.1985

அங்கத்துவ அட்டைகளைத் தட்டச்சில் தட்டி முடித்தேன். பெயருக்குக் கீழே 'இரவு அவதானிப்பாளர்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும். என் யோசனைதான்.

செல்வராசா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குடியுரிமை இல்லை, அடையாள அட்டையும் இல்லை. "எம் பேரு போட்ட மொத காயிதம் இதுதாங்க டீச்சர்."

9.1.1986

செல்வராசாவை ஆமிக்காரர் பிடித்துவிட்டார்கள். உரம் வாங்கப் போன வழியில் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை கேட்டிருக்கிறார்கள். எங்கள் அட்டையை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இரவு அவதானிப்பாளர். ஆமிக்கு அது வேவுகாரன்.

கடவுளே, நான் ஏன் அப்படித் தட்டினேன்?

11.1.1986

வீரம்மாவோடு முகாமுக்குப் போனேன். என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அதிகாரி சத்தம் போடவில்லை. மொழிபெயர்ப்பவர் சொன்னார்: "கழகம் உண்மையெண்டால் அங்கத்தவர் பதிவேடு இருக்கும்தானே. நாளைக்குக் கொண்டு வாங்கோ. பாத்திட்டு ஆளை விடலாமாம்."

வெளியே வந்தேன். "என்னா சொன்னாங்க டீச்சர்?"

"விசாரிக்கினமாம்."

பதிவேட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

12.1.1986

விடிந்ததும் ராஜரத்தினத்தின் கடை. அவர் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். "ரீச்சர், அது நாப்பத்தேழு வீட்டுக்கு வழி காட்டிற புத்தகம். அதிலை அரைவாசி இளந்தாரியள்."

"குடுக்காட்டி செல்வராசாவை விடமாட்டாங்கள்."

"குடுத்தால் விடுவாங்களெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. அவருக்கும் தெரியாது. "நீங்கள்தான் செயலாளர்" என்றார். அது சரிதான்.

பத்து மணிக்குப் பதிவேட்டைக் குசினி அடுப்பில் வைத்தேன். மட்டை தடிப்பு, எரிய நேரமெடுத்தது. பிறகு முகாமுக்குப் போய், மழையில் நனைந்து பதிவேடு அழிந்துபோனது என்றேன். அதிகாரி சிரித்தார். மொழிபெயர்ப்பவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

14.1.1986

பொங்கல். வீரம்மா வந்து வாசலில் நின்றாள். பொங்கல் கொடுத்து அனுப்பினேன்.

2.2.1986

ஆளைத் தெற்கே அனுப்பிவிட்டார்களாம். எந்த முகாம் என்று ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.

22.3.1986

விடியப்புறத்தில் வால்வெள்ளி வாலோடு தெரிகிறது என்று ராஜரத்தினம் சொல்லியனுப்பினார். போகவில்லை. மைதானத்துக்கு ஒருவரும் வருவதில்லை. எல்லோரும் அட்டைகளை எரித்துவிட்டார்கள்.

24.4.1986, வியாழன்

வீரம்மா பின்னேரம் வந்தாள், இன்னொரு மனு எழுத. இது நாலாவது. பெயர், வயது, பிடிபட்ட திகதி எழுதினேன். 'விடுதலைக்காக இதுவரை எடுத்த முயற்சிகள்' என்று எழுதும்போது பேனா நின்றுவிட்டது.

சொல்லிவிட்டேன். அதிகாரி கேட்டது, நான் எரித்தது, பொய் சொன்னது, எல்லாம்.

அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அதுல எத்தன பேரு டீச்சர்?"

"நாப்பத்தேழு. நீங்களும்தான்."

"எனக்கு அவரு ஒருத்தருதான டீச்சர்."

பிறகு மனுவை முடிக்கச் சொன்னாள். முடித்தேன். கைநாட்டு வைத்தாள். மை காயும்வரை ஊதி, மடித்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"அடுத்தத வேற யாருகிட்டயாச்சும் எழுதிக்கிறேங்க."

ஓம் என்றேன்.