அண்ணன் ருசி சொன்ன காலைகள்

என் பிரியமுள்ள மதினி,

டெல்லியில் குளிர் தொடங்கிவிட்டது என்று அண்ணன் எழுதியிருக்கிறார். நீங்கள் இல்லாத முதல் குளிர்காலம். உங்களிடம் சொல்ல வேண்டிய சேதி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. நேரில் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்களா, அழுதிருப்பீர்களா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், எனக்குச் சர்க்கார் வேலை கிடைத்து, ஆர்.கே.புரத்தில் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்கு நான் வந்து இறங்கியபோது, நீங்கள் தந்த முதல் காபியிலேயே ஆரஞ்சுத் தோல் மணத்தது. "என்ன மதினி இது?" என்றேன். "டெல்லிக் குளிருக்கு டெல்லிக் காப்பி. குடிச்சுப் பாரு, பொறவு பேசு" என்றீர்கள்.

பொறவு நான் பேசவில்லை, இன்னொரு தம்ளர் கேட்டேன். ஒரு வாரம் மிளகும் கருப்பட்டியும், ஒரு வாரம் வறுத்து இடித்த பேரீச்சங்கொட்டை. எதைக் கொடுத்தாலும் அண்ணன் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். அவர் எப்போதுமே குறைவாகப் பேசுகிறவர். பிள்ளை இல்லை என்று டாக்டர் கைவிரித்த பிறகு அதுவும் வற்றிப்போனதாக நீங்கள்தான் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னீர்கள். அப்படி அமைதியாகிவிட்ட வீட்டில், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, வட்டமான அலுமினிய ஓவன் ஒன்று வாங்கி, நீங்கள் கேக் செய்யக் கற்றுக்கொண்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை நம் மாடிப்படி முழுக்க வாசம் அடிக்கும்.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, ஆனால் ஏதோ ஒன்று உங்களை விட்டுப் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை நீங்கள். ஒரு ஞாயிறு நான் துணி உலர்த்திவிட்டு இறங்கி வரும்போது, எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். "பெஹன்ஜி, குச் ஜல் ரஹா ஹை!" ஏதோ கருகுகிறதாம். உள்ளே ஓடினேன். ஓவனிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நீங்கள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"கேக்கு தீயுது மதினி!"

"தீயுதா?" என்று திரும்பினீர்கள். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "எனக்கு ஒரு மணமும் தெரியலட்டி. காப்பி வெந்நி மாதிரி இருக்கு" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள்.

டிஸ்பென்சரி டாக்டர், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார். நீங்கள் காபியையே விட்டுவிட்டீர்கள். காலையில் எங்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வீர்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒருநாள், "நீங்க போடுங்க மதினி, நான் குடிச்சுச் சொல்லுதேன்" என்றேன்.

"நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது. எப்படி இருக்குன்னு சொல்லணும்."

எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? கசப்பு என்றால், "எங்க கசக்கு? நுனியிலயா, தொண்டையிலயா?" என்பீர்கள். ஏலக்காய் போட்டால், "முன்னால வருதா, பின்னால வருதா?" நான் தடுமாறிச் சொல்லச் சொல்ல, உங்கள் முகம் மெல்ல மாறும். அந்த மாற்றத்துக்காகவே நான் கவனமாகக் குடிக்கக் கற்றேன். அண்ணன் பேப்பருக்குப் பின்னால் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

எனக்குத் திருச்சியில் மாப்பிள்ளை அமைந்தபோது, உங்களை எப்படி விட்டுப் போவது என்று அழுதேன். "ஏட்டி கிறுக்கி, போ, எனக்கு ஒருத்தருமா இல்ல?" என்று அனுப்பிவைத்தீர்கள். ஆனால் அந்த வீட்டில் உங்களுக்கு யார் சொல்வார்கள்?

அண்ணன் சொன்னார். நம்ப முடிகிறதா? மறுவருஷம் வந்தபோது என் கண்ணால் பார்த்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, கோப்பில் குறிப்பு எழுதுகிறவர் மாதிரி யோசித்து, "மொதல்ல ஒண்ணும் இல்ல. பொறவு சுக்கு வந்து நிக்கி. போகமாட்டேங்கு" என்றார். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். காபியில் தொடங்கி, ஆபீஸ் சண்டை, பஸ்ஸில் பார்த்த மனுஷர், சின்ன வயசில் அவர் ஆற்றில் மூழ்கப் பார்த்த கதை என்று அவர் பேச்சு நீண்டது. அந்தக் கதை எனக்கே தெரியாது மதினி.

கடைசியாக நாம் சேர்ந்து மலை மந்திர் முருகன் கோயில் படி ஏறிய அன்று, பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தீர்கள். அப்போதே உங்கள் இதயம் தளர்ந்திருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. என் தலையிலிருந்த பூவைப் பார்த்து, "பிச்சியா? நல்ல மணம்" என்றீர்கள். நான் திகைத்து நின்றேன்.

"மூக்கு திரும்பி ரொம்ப நாளாச்சுட்டி. அவுககிட்ட சொல்லிராத."

"ஏன் மதினி?"

"சொன்னா பேசுறத நிப்பாட்டிருவாக."

உங்கள் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, அண்ணன் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். நீங்கள் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். நீங்கள் அவரை எவ்வளவு விரும்பினீர்கள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்று பட்டது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குத் தெரியும்ளா" என்றார்.

ஒரு வெயில்காலத்து முடிவில், முதல் மழை மண்ணில் விழுந்தபோது நீங்கள் பால்கனியில் நின்று, கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து அழுதீர்களாம். அவர் பின்னாலேயே நின்றிருக்கிறார். சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாராம்.

"தெரிஞ்சும் தினமும் ஏன் சொல்லிக்கிட்டிருந்தீங்க?"

"அவ கேட்டுக்கிட்டுல்லா இருந்தா."

அவ்வளவுதான் சொன்னார். இதுதான் மதினி நான் கொண்டுவந்த சேதி. நீங்கள் மறைத்தது அவருக்குத் தெரியும். அவர் மறைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

ரிட்டயர் ஆனதும் அண்ணன் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நேராகத் திருச்சிக்குத்தான் வருகிறார். வாசல் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்துவிட்டோம். என் மூச்சு உள்ள மட்டும் அவரை ஊமையாக இருக்க விடமாட்டேன், மதினி. இது உங்கள் மேல் ஆணை.

உங்கள் கூடப் பிறக்காமல் உங்களுக்குத் தங்கையான நாத்தனார்,
செண்பகம்