புளியங்கொட்டையும் பதினாலு கன்றும்

சிவமயம்
தெல்லிப்பழை
1936 தை 20

அன்பு மகன் செல்வரட்ணத்துக்கு ஐயா எழுதுவது. அம்பாள் துணையால் இந்த மழைக்கும் பனிக்கும் வீட்டில் ஒருவருக்கும் தடிமன் காய்ச்சல்கூட இல்லை, ஈப்போவில் நீயும் அப்படியே தேகசுகத்துடன் இருக்கவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். ரெயில்வே வேலை வேலை என்று நேரம் தவறிச் சாப்பிடாதே.

கார்த்திகையில் எழுதிய கடிதத்தில், உன் மகள் மீனாம்பிகைக்குக் கணக்கு ஏறவில்லை, தினமும் அடி வாங்கி அழுதுகொண்டு வருகிறாள், சித்திரையோடு பள்ளிக்கூடம் போகாமல் மறிக்கப்போகிறேன் என்று உன் சம்மதம் கேட்டிருந்தேன். அதைக் கிழித்துப்போடு. நான் அவசரப்பட்டுவிட்டேன். அதை எழுதின அன்றைக்கு உன் மனைவி அருந்ததி அடுப்படியை விட்டு வந்து குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாமா, பிள்ளைக்குக் கணக்குப் பயமில்லை, பிரம்புதான் பயம். பொங்கல் வருமட்டும் தவணை தாங்கோ" என்றாள். உன்னைப் பெத்த கொம்மா கண்மூடின பிறகு இந்த வீட்டைத் தூக்கி நிறுத்துகிற பிள்ளை கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை, சரி என்றேன், நம்பிக்கை மட்டும் இல்லை.

அவள் செய்ததைக் கேள். பாடமும் இல்லை, சிலேற்றும் இல்லை. இருபது புளியங்கொட்டையைப் பரப்பிக் கொஞ்சத்தைச் சுளகால் மூடிவிடுவாள், வெளியே கிடப்பதைப் பார்த்து உள்ளே எத்தனை என்று பிள்ளை சொல்லவேண்டும், சரியென்றால் அடுத்தமுறை பிள்ளை மூட, தாய் சொல்லவேண்டும். பிறகு தாயத்துக்குப் போடுகிறமாதிரி ஆறு சோகிச் சிப்பியை இரண்டுதரம் எறிந்து, முதலில் மலர்ந்ததை இரண்டாந்தரம் மலர்ந்ததால் பெருக்கி, அத்தனை கட்டம் காய் நகர்த்துகிற விளையாட்டு ஒன்று, அதுவும் அவளே உண்டாக்கினது. இரண்டு பேர் காணாது என்று என்னையும் பிடித்து இருத்தினார்கள். மூன்றாம் நாளே உன் மகள், "அப்பு, நாலாறு இருவத்திநாலு, நீங்கள் ஒரு கட்டம் கூடப் போட்டியள், காயைப் பின்னுக்கு எடுங்கோ" என்றாள். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளை! சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியாமல் காயைப் பின்னுக்கு எடுத்தேன்.

மார்கழிக் கடைசியில் வீட்டுக்குப் பின் துண்டுக் காணியில் புகையிலை நட்டோம். இருபத்துமூன்று வரி, வரிக்குப் பதினெட்டுக் குழி. நானும் பக்கத்துக் காணிக் கதிரவேலுவும் கண்மதிப்பாக நானூறு கன்று போதும் என்று எண்ணிப் பிடுங்கி வந்தோம். தேத்தண்ணி கொண்டுவந்த மீனாம்பிகை எத்தனை கன்று என்று கேட்டு, வரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அப்பு, கன்று காணாது, இன்னும் பதினாலு வேணும்" என்றாள். கதிரவேலு, "போ பிள்ளை, உது உன்ரை சோகி விளையாட்டில்லை" என்றான். அவள் அசையவில்லை. "இருவது வரிக்கு முந்நூற்றறுவது, மிச்சம் மூண்டு வரிக்கு ஐம்பத்திநாலு, எண்ணிப் பாருங்கோவன்" என்றாள். நாங்கள் நம்பாமல் நட்டோம். பொழுதுபடக் கடைசி வரியில் குழிகள் வெறுமையாகக் கிடந்தன, எண்ணினேன், பதினாலு. கதிரவேலு தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணை, உவளைப் பள்ளிக்கூடம் மறிச்சால் பாவம்" என்றான். பொங்கல் கழிந்த மறுநாளே நான் பள்ளிக்கூடம் போய், பிள்ளை தொடர்ந்து படிப்பாள், ஆனால் பிரம்பு வேண்டாம் என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அருந்ததி படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான், அந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று நினைக்க நினைக்க எனக்கு அதிசயமாக இருக்கிறது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாமன் மருமகளோடு அப்படிக் கதைத்துப் பழக்கமில்லை. நீயும் எனக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் அருந்ததி சுகமா என்று ஒரு வரியோடு விட்டுவிடுகிறாய். இம்முறை அவள் பெயருக்கே தனிக்கடிதம் போடு, அவள் செய்ததை மெச்சி எழுது, ஐயா சொன்னவர் என்றும் எழுது. தபால்காரனிடம் வாங்கி, உறை பிரிக்காமல் அவள் கையில் கொடுப்பேன்.

அம்பாள் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தருவாளாக. மறந்துவிடாதே, தனிக்கடிதம்.

இப்படிக்கு
உன் ஐயா
க. சீவரத்தினம்