ஆஸ்பத்திரி வராண்டாவில் நம் முகிலன்

என் வாணி,

நம் மகள் தேனு நன்றாக இருக்கிறாள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். உன் நினைப்பு வந்தால் சத்தம் போட்டு அழுவாள், என் மடியில் படுப்பாள், பிறகு எழுந்து விளையாடப் போய்விடுவாள். நான் எழுத உட்கார்ந்தது நம் மகன் முகிலனுக்காக.

உன்னை எடுத்த அன்று அவன் உதடு நடுங்கியது. உன் அண்ணன் அவன் தோளைப் பிடித்து, "ஆம்பளப் புள்ள அழக்கூடாதுடா. இனிமே வூட்டுக்கு நீதான் தெகிரியம்" என்றார். பதினாலு வயதுப் பிள்ளை அப்படியே விழுங்கிக்கொண்டான். கொள்ளி வைக்கும்போதுகூடக் கண் நனையவில்லை. எல்லாரும் அவனை மெச்சினார்கள்.

அதன் பிறகு பேச்சே குறைந்துபோனது. பாடமெல்லாம் இங்கிலீஷுக்கு மாறியதும் அவன் பட்ட பாடு உனக்குத் தெரியும். நீ பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொடுத்தாய், எப்படியோ தேறினான். நான் எட்டாவதோடு வெல்டிங் பட்டறைக்குப் போனவன். ஒருநாள் அவன் சயின்ஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு திணறினேன். அவன் மெதுவாக அதை வாங்கி மூடினான். "வுடுப்பா, நான் பாத்துக்கிறேன்."

கொஞ்ச நாளில் அவன் டீச்சர் போன் பண்ணினார். முகிலன் பல நாளாகப் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லையாம். தினமும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றோடு பஸ் ஏறியவன் எங்கேதான் போனான்?

பட்டறையை விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினேன். பெரிய பசங்க அங்கேதான் குடிப்பார்கள். முகிலன் கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் யூனிபார்மோடு உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருந்தான். "அவன் எங்ககூட வர மாட்டான் மாமா. டவுனுக்குப் போவான்" என்றான். அந்தப் பிள்ளை இருக்கும் இடம் அவன் வீட்டுக்குத் தெரியுமோ தெரியாதோ.

பக்கத்து வீட்டு மேரி அக்காதான் கடைசியில் வழி சொன்னார். "முகிலன நேத்து ஆஸ்பத்திரில பாத்தனே தம்பி. உடம்புக்கு இன்னா?"

நீ கடைசியாகப் படுத்திருந்த வார்டுக்கு வெளியே, வராண்டா பெஞ்சில் இருந்தான். மடியில் புத்தகப் பை. முகமெல்லாம் நனைந்திருந்தது. அடித்து இழுத்துப் போகத்தான் வந்திருந்தேன், வாணி. கை எழவில்லை.

"இங்க இன்னாடா பண்ற?"

"இங்க எல்லாரும் அழுவுறாங்கப்பா. யாரும் இன்னாத்துக்குன்னு கேக்க மாட்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன்.

அந்த வருஷம் போய்விட்டது. மறுபடியும் ஒன்பதாவதிலேயே உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். உன் அண்ணன் வந்து, "படிப்பு ஏறாதவன ஏன் போட்டு வதைக்கிற? கம்பெனில சேத்துவுடு மச்சான்" என்றார். முடியாது என்றேன். கோபத்தோடு போனவர் இன்னும் வரவில்லை.

முகிலன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்கிறான். அவர்கள் கிண்டலாக "அண்ணா, அண்ணா" என்கிறார்களாம். டீச்சர் முடிந்தபோது தமிழில் சொல்லித் தருகிறார். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் எவ்வளவுதான் செய்வார்? முகிலனின் பரீட்சைப் பேப்பர் பாதி இன்னும் வெறுமையாகத்தான் வருகிறது. ஏரிக்கரையில் பார்த்த அந்தப் பையன் படிப்பை விட்டேவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முகிலன் தலை நிமிராமல் கேட்டான். "அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதாப்பா?"

"ஆமாண்டா. ரொம்ப வலிச்சுது."

"எல்லாரும் செரியாப் பூடும்னே சொன்னீங்க."

"நாங்களும் அப்படித்தாண்டா நெனச்சோம்."

தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய் நின்றான். நானும் போய் நின்றேன். உள்ளே போகச் சொல்லி அவன் என்னைத் துரத்தவில்லை.

அவன் பத்தாவது தாண்டுவானா, எனக்குத் தெரியவில்லை. தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் வளரும்வரை அவனை எந்தக் கம்பெனி வேலைக்கும் அனுப்ப மாட்டேன். உன்னைப் பற்றி அவன் எது கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
முகிலனுக்கும் தேனுக்கும் அப்பா