பதினோராவது நிமிடத்தில் சாகும் பெட்டி

ஸலாலா,
தூறல் நிற்காத வியாழக்கிழமை.

அன்பு மகள் துஃபூலுக்கு உன் சின்ன வாப்பா எழுதுவது. இறைவனின் சாந்தி உன் மீது நிலவட்டும். இங்கே நான், உன் சின்னும்மா ஸலூமா, பதினேழு ஒட்டகங்கள் எல்லோரும் நலம். நீ அங்கே கிளாஸ்கோவில் கோபத்தோடு நலமாக இருப்பாய். நானும் கோபத்தோடுதான் நலமாக இருக்கிறேன். இப்போது நான் சொல்லப்போகும் கதையை நீ நம்ப மாட்டாய், இந்தத் தோஃபார் மலையில் மேய்கிற ஒட்டகம்கூட நம்பாது, எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை, ஆனாலும் தாடியைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன், கடைசி வரி வரை படி.

நீ கைப்பேசியில் அனுப்பிய அந்த மூன்று வரி, மூன்று வாரமாக என் சட்டைப்பைக்குள் தேள் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. “நாலு தடவையும் நான் விஷயத்தை ஆரம்பிச்சதும் நீங்க வெட்டி விட்டுட்டீங்க. என் சொந்த வாப்பா உயிரோட இருந்திருந்தா முழுசாக் கேட்டுட்டாவது திட்டியிருப்பார்.” இப்படி எழுதிவிட்டு, அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. நல்லது. உன் வாப்பா, என் அண்ணன், இறந்துபோனபோது உனக்கு நாலு வயது, அன்றைக்கு என் தோளில் ஏறியவள் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் இறங்கவில்லை, இடது தோள் இன்னும் ஒரு சாண் தாழ்ந்துதான் இருக்கிறது, பள்ளிவாசலில் என் பக்கத்தில் நிற்பவனைக் கேட்டுப் பார். அந்தத் தோளைப் பார்த்தா இப்படி ஒரு வார்த்தை?

வெட்டியது நான் இல்லை, கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டால் நம் வீட்டு வழக்கப்படி முதலில் நலம் விசாரிப்பு. நீ எப்படி, உடம்பு எப்படி, என்ன செய்தி, வேறென்ன செய்தி, அங்கே மழையா, இங்கே தூறல், மாமி எப்படி, மாமியின் முழங்கால் எப்படி, கறுப்பு ஒட்டகம் ஈன்றதா, குட்டி எப்படி. ஸலூமா இதைப் பத்து நிமிடத்துக்குக் குறைத்துச் செய்ததாகச் சரித்திரம் கிடையாது. பதினோராவது நிமிடத்தில் நீ தொண்டையைச் செருமி, “சின்ன வாப்பா, ஒரு விஷயம் சொல்லணும்” என்பாய். அந்த நொடியில் பெட்டிக்குள் இருக்கும் விசிறி விமானம் கிளம்புகிற மாதிரி அலறும், திரை கறுக்கும், பெட்டி தானாகச் செத்துத் தானாக எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நல்வரவு சொல்லும். அந்த நல்வரவைப் பார்க்கும்போதெல்லாம் அதைத் தூக்கிக் கடலில் போட வேண்டும் போலிருந்தது.

அந்த எகிப்துக்காரன் ஷவ்கியை, நம் தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறானே அவனை, கூட்டிவந்தேன். முதல் வெள்ளிக்கிழமை செத்ததற்கு மெமரி கெட்டுவிட்டது என்று மெமரியை மாற்றினான். அடுத்த வெள்ளி செத்ததற்குப் பவர் சப்ளை சரியில்லை என்று அதையும் மாற்றினான். மூன்றாவது வெள்ளியும் செத்தது. அதுவரை அந்த மகாபண்டிதன் உள்ளே ஒழுங்காகக் குனிந்து பார்க்கவே இல்லை, மருத்துவர் நாடி பிடிக்காமல் ஒவ்வொரு காலாக வெட்டிக்கொண்டே போனால் எப்படி இருக்கும், அப்படி. நான் போட்ட கூச்சலில் துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கிவிட்டன.

அடுத்த புதன்கிழமை வந்து, செத்தவுடன் தானாக எழுந்திருக்கும் அமைப்பை முதலில் நிறுத்தினான். உள்ளே கோளாறு என்றால் நீலத் திரையில் காரணம் எழுதிக் காட்டுமாம். பதினொரு நிமிடம் காத்திருந்தோம், ஓர் எழுத்தும் வரவில்லை, பட்டென்று இருட்டு. சொல்லாமல் கொள்ளாமல் செத்தால் ஒன்று மின்சாரம், இல்லையென்றால் சூடு என்றான். பவர் சப்ளைதான் புதுசாயிற்றே. மறுபடியும் ஓடவிட்டுச் சூட்டைக் காட்டும் எண்ணைப் பார்த்தால் தொண்ணூற்றெட்டு டிகிரி, மேலே கெண்டியை வைத்திருந்தால் தேநீர் கொதித்திருக்கும். பக்க மூடியைக் கழற்றினான், மூக்கை உள்ளே விட்டான், என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“ஹாஜி, பெட்டிக்குள்ள கல்யாண வீட்டு வாசனை அடிக்குதே.”

சாம்பிராணி, மகளே. முதல் வெள்ளி பெட்டி செத்த அன்றே ஸலூமா கண்ணேறு என்று முடிவு கட்டிவிட்டாள். பின்வீட்டுக்காரி வந்து திரையில் உன்னைப் பார்த்து, நிறம் ஏறிவிட்டாள் என்றாளாம், மாஷா அல்லாஹ் சொல்லவில்லையாம். அதனால் நாளுக்கு இரண்டு வேளை, மலையிலேயே உசத்தியான சாம்பிராணியைத் தணலில் போட்டு, பெட்டி காற்று இழுக்கிற வாசலுக்கு நேர் கீழே வைத்திருக்கிறாள். பெட்டி செத்தால் இன்னும் ஒரு பிடி. அது இழுக்கும், பிசின் ஒட்டும், பிசினில் தூசி ஒட்டும், சூடேறும், சாகும், இன்னும் ஒரு பிடி. விசிறியிலிருந்து சுரண்டிய பிசினில் ஒரு மரக்கலத்தை ஸான்ஸிபார் வரைக்கும் ஒழுகாமல் அனுப்பலாம். ஷவ்கி ஸ்பிரிட்டால் துடைத்து, சூட்டை வெளியே கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி மூடினான், சூட்டு எண் ஐம்பதைத் தாண்டவில்லை. நான் ஸலூமாவைப் பார்த்துக் கத்தினேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பிள்ளை முகம் தெரியணும்னுதானே போட்டேன்” என்றாள். அதற்கு மேல் என்ன கத்துவது, வெளியே போய் ஒட்டகத்தைப் பார்த்துக் கத்திவிட்டு வந்தேன். தணல் சட்டி இப்போது வாசல் அறைக்கு நாடு கடத்தப்பட்டிருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு, பன்றிக்கொழுப்பு கலந்ததா என்று கேட்டு வாங்கு. கறுப்பு ஒட்டகம் பெட்டைக் குட்டி ஈன்றிருக்கிறது, நீ கால்நடை வைத்தியம் படித்து முடித்து வந்து பார்ப்பாய் என்று அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அல்லாஹ் உன் அறிவை விரிவாக்கட்டும், உன் காலடியை உறுதியாக்கட்டும்.

நான் எழுதியதில் கப்பலைக் கழித்துவிடு, தாழ்ந்த தோளைக் கழித்துவிடு, பிசினில் முக்கால் பங்கைக் கழித்துவிடு. நீ எழுதியதிலும் நாலில் மூன்றைக் கழித்துவிடு, அவை பெட்டியின் வேலை. மிச்சம் ஒன்று இருக்கிறது. ஷவ்கி சரிசெய்தது புதன்கிழமை. நாலாவது தடவை நீ கூப்பிட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து. அன்றைக்குப் பெட்டி கல் மாதிரி குளிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. நீ, “இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருந்து” என்று தொடங்கினாய். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கியது என் கை. ஸலூமாவிடம் மறுபடியும் பெட்டி செத்தது என்றேன், அவள் தன்னால்தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இன்றே சொல்லிவிடுகிறேன்.

கடிதம் கிடைத்த வெள்ளிக்கிழமை கூப்பிடு. நலம் விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம், நேராக அந்த விஷயத்தில் தொடங்கு. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் திட்டுவேன்.

உன் சின்ன வாப்பா,
முஸல்லம்